வாசித்துக் காட்டாத பெயர்

நான் எழுதுகிறவள் இல்லை. மற்றவர்கள் எழுதியதை முப்பது வருடத்துக்கு மேலாக அச்சுக்கு அடுக்கியவள். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவள். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் என் பெயரைக் கேட்டாலே பின்னால் போய் நின்றுவிடுவேன். இப்படிப்பட்ட ஒருத்தி நூலக மலருக்குக் கட்டுரை எழுத வெளிக்கிட்டதை வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுதாமல் இருந்து பார்த்தேன். எரிச்சல் அடங்குவதாக இல்லை.

நான் வேலை செய்த மானிப்பாய் அச்சகத்தில், என் கதிரையில் இப்போது நிரோஷா என்ற பெண் இருக்கிறாள். கண் சத்திரசிகிச்சைக்குப் பிறகு நான் வேலையை விட்டபோது அவளுக்குத்தான் எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிட்டு வந்தேன். போன மாதம் அவள் தொலைபேசி எடுத்தாள்.

"அக்கா, இப்ப கல்வெட்டு அடிக்க வாற ஆக்கள் எல்லாரும் கடைசிப் பக்கத்திலை ‘இணையத்தில் பதிவேற்ற வேண்டாம்’ எண்டு போடச் சொல்லுகினம். ஏன் அக்கா? செத்த வீட்டுப் புத்தகத்தை ஆர் எடுத்துப் போடப் போகினம்?"

"போடுகினம் பிள்ளை."

"ஆர்?"

"எங்கடை ஆக்கள்தான்" என்றேன். தொலைபேசியில் சொல்லி முடிகிற கதையாக அது இல்லை.

வெளியில் இருந்து வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி நடக்கும். அன்று சாப்பாடு முடிந்து போகிறவர்களின் கையில் ஒரு சிறு புத்தகம் கொடுப்பார்கள். அட்டையில் இறந்தவரின் படம். உள்ளே தேவாரங்கள், அவருடைய வாழ்க்கை வரலாறு, பிள்ளைகள் அழுவதுபோல் எழுதிய பாடல்கள், உறவுகளின் பெயர்கள், கடைசியில் நன்றி. இதைத்தான் கல்வெட்டு என்கிறோம். எங்கள் அச்சகத்தில் பாதி வேலை அதுதான்.

இந்தக் கல்வெட்டுகளைச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். நானும் ஒருத்தி. நான் அச்சுக்கோத்த ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி அலுமாரியில் இருக்கிறது. பழைய கல்வெட்டுகளும் கிடைத்தால் வாங்கி வைப்பேன். வேலையை விட்டபின் கைத்தொலைபேசியில் முகநூல் போட்டுத் தந்தார்கள். அதில் கல்வெட்டுச் சேர்க்கிறவர்களின் குழு ஒன்று இருந்தது. சேர்ந்தேன். என் படம் போட வெட்கமாக இருந்ததால் செவ்வரத்தம் பூவின் படம் போட்டேன். என் பெயரும் போடவில்லை. ‘அச்சுக்கோப்பு’ என்று மட்டும் போட்டேன். அங்கே எல்லோரும் என்னை "அண்ணை" என்றுதான் கூப்பிட்டார்கள். திருத்தப் போனால் கதைக்க வேண்டிவரும் என்று விட்டுவிட்டேன்.

அந்தக் குழுவில் நான் கண்டவற்றைச் சொல்லத்தான் வேண்டும். ஒருவர் ஒரு கல்வெட்டின் அட்டையைப் படம் எடுத்துப் போடுவார். செத்த மனிதர் கண்ணாடி போட்டுக்கொண்டு எங்களைப் பார்ப்பார். அதன் கீழே "சூப்பர்" என்று ஒருவர். "வாழ்த்துகள்" என்று இன்னொருவர். யாருக்கு வாழ்த்து என்று எனக்கு விளங்கவில்லை. "மூலை மடிஞ்சிருக்கு, அட்டையிலை தேத்தண்ணிக் கறை, மற்றும்படி வடிவான பிரதி" என்று ஒரு விளக்கம். "இவர் என்னட்டை ரண்டு இருக்கிறார், மாத்த ஆக்கள் இருக்கோ?" என்று ஒருவர் கேட்பார். இவர் என்பது இறந்தவர். வணக்கம் இல்லை, யார் எவர் என்ற விசாரிப்பு இல்லை, "இன்பொக்ஸ்" என்ற ஒரு சொல்லோடு வருவார்கள். பதில் சொல்ல அரை நாள் பிந்தினால் "அண்ணைக்குப் பெரிய ஆள் எண்ட நினைப்பு" என்று எழுதுவார்கள்.

அளவெட்டியில் நாதஸ்வரக்காரர் ஒருவர் இறந்தார். மேளக்காரர்களின் கல்வெட்டுக்குக் குழுவில் நல்ல கிராக்கி. ஒரு ஆள், அந்த வீட்டை முன்பின் தெரியாதவர், அந்தியேட்டிக்குப் போய் முதல் பந்தியில் சாப்பிட்டு ஒரு கல்வெட்டு வாங்கியிருக்கிறார். பிறகு இரண்டாம் பந்தி ஆட்களோடு வரிசையில் நின்று இன்னொன்று. அதுவும் போதாமல் இறந்தவரின் மகளிடம் இன்னும் இரண்டு கேட்டிருக்கிறார். "நீங்கள் அப்பாவுக்கு என்ன முறை?" என்று மகள் கேட்டாராம். "ரசிகர் முறை எண்டன்" என்று குழுவில் தானே பெருமையாக எழுதியிருந்தார். சிரித்த முகங்கள் வரிசையாக வந்தன. எனக்கு அந்த மகளின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. அப்போதே குழுவை விட்டு வெளியில் வந்திருக்கலாம். வரவில்லை. அளவெட்டிக் கல்வெட்டின் படம் பார்க்க எனக்கும் ஆசையாக இருந்தது.

எனக்கு இவ்வளவு கோபம் வருவதற்குக் காரணம் அருளப்பு அண்ணை. எங்கள் அச்சகத்தின் மனேஜர். குருநகர் ஆள், கத்தோலிக்கர், தகப்பன் கடலுக்குப் போனவர். ஆனால் எந்தத் தேவாரத்துக்குப் பிறகு எது வரவேண்டும் என்று எங்கள் ஐயர்மாரே அவரிடம் கேட்பார்கள். நான் பத்தொன்பது வயதில் ஈய எழுத்துப் பொறுக்கப் போனதும், பிறகு கணினி வந்து முதலில் இருந்து பழகியதும் இந்தக் கதைக்குத் தேவையில்லை. கல்வெட்டுக்கு விபரம் எடுக்க வீட்டுக்குப் போகிற முறையைத்தான் சொல்ல வேண்டும்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடியுமுன் போகமாட்டார். கூப்பிட்டாலும் போகமாட்டார். சைக்கிளை வாசல் படலைக்கு வெளியில் நிறுத்துவார். பேனையைச் சட்டைப்பையில் குத்தமாட்டார், கொண்டுபோகும் தோள்பைக்குள் வைப்பார். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "நான் ஆரோடை கதைக்கலாம்?" எத்தனை புத்தகம், என்ன தாள் என்பதெல்லாம் கடைசியில். இறந்தவரின் படத்தை இரண்டு கையாலும் வாங்கி இரண்டு மட்டைக்கு நடுவில் வைப்பார். புத்தகம் பிந்தினாலும் படத்தை இரண்டாம் நாளே திருப்பிக் கொடுத்துவிடுவார்.

உறவுகளின் பட்டியலை எழுதித் தந்தால் வாங்குவார். ஆனால் அதோடு திரும்பி வரமாட்டார். வீட்டில் இருக்கிற எல்லோரையும் கூப்பிடச் சொல்லி, ஒவ்வொரு பெயராக உரத்து வாசிப்பார். ஒரு பெயர் வாசித்ததும் நிறுத்துவார். யாராவது "ஓம்" என்றால் அடுத்த பெயர். ஒருவரும் வாய் திறக்காவிட்டால் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி போடுவார். முடிந்ததும் புள்ளி விழுந்த பெயர்களை வீட்டுக்கு மூத்தவரிடம் ஒதுக்கமாகப் போய்க் கேட்பார். கோபத்தில் விட்டுப்போன தங்கச்சி, சொல்லாமல் கட்டிய மருமகள், வெளிநாட்டில் என்ன ஆனார் என்று தெரியாத தம்பி, எல்லோரும் அந்தப் புள்ளிக்குள்தான் இருப்பார்கள்.

இந்த வாசிப்பு எனக்குப் பிடிக்காது. அவரோடு போனால் நான் ஓரத்தில் நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். "அண்ணை, அவையள் எழுதித் தந்ததுதானே" என்று ஒருநாள் கேட்டேன். "முப்பது வருசத்திலை புள்ளி விழாத வீடு நான் காணேல்லை பிள்ளை. கண்டால் சொல்லுறன்" என்றார்.

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் சண்டிலிப்பாயில் ஒரு தோட்டக்காரர் இறந்தார். அவருடைய மனைவியைப் பரமேசு அம்மா என்று இங்கே சொல்கிறேன், அது அவருடைய பெயர் இல்லை. அவரிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். "பேரை மாத்து. ஆனால் அவனை இல்லாத ஆள் மாதிரி எழுதிப்போடாதை" என்றார். அவன் என்றது இளைய மகன். ரூபன் என்று வைத்துக்கொள்வோம். கடைசிச் சண்டைக் காலத்தில் காணாமல் போனவர். அம்மா கொடுக்காத மனு இல்லை, போகாத விசாரணை இல்லை.

அந்தக் கிழமை அருளப்பு அண்ணை டெங்குக் காய்ச்சலில் படுத்திருந்தார். வீட்டுக்கு நான் தனியாகப் போனேன். பட்டியலைக் கனடாவில் இருந்த மூத்த மகன் ஏற்கெனவே அனுப்பியிருந்தார், அழகாகத் தட்டச்சு செய்து. பிள்ளைகளின் வரிசையில் ‘அமரர் ரூபன்’ என்று இருந்தது. வீடு நிறையப் பெண்கள். விறாந்தையில் நின்று பெயர்களை உரத்து வாசிக்க வேண்டும். நான் வாசிக்கவில்லை. மூத்த மகனே அனுப்பியதுதானே, பிழை இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

முந்நூறு பிரதி அடித்தோம். அந்தியேட்டிக்கு முதல் நாள் காலையில் கட்டுக் கட்டாக வீட்டில் இறக்கினோம். ஒரு மணித்தியாலத்தில் ஆள் அனுப்பிவிட்டார்கள். அருளப்பு அண்ணை காய்ச்சல் விட்டு அன்றுதான் வேலைக்கு வந்திருந்தார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

பரமேசு அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லது. புத்தகத்தை விரித்து அந்த வரியில் விரலை வைத்தபடி அருளப்பு அண்ணையிடம் கேட்டார். "தம்பி, என்ரை பிள்ளை செத்துப்போனான் எண்டு எனக்கு இன்னும் ஒருத்தரும் சொல்லேல்லை. அரசாங்கமும் சொல்லேல்லை. உங்களுக்கு ஆர் சொன்னது?"

மூத்த மகன் கனடாவில் இருந்து வந்து அங்கேதான் நின்றார். முகம் வெளிறியிருந்தது. அவருக்கும் தம்பிதான். வேறு விதமாகத் துக்கப்பட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

"பிழை எங்கடை, அம்மா" என்றார் அருளப்பு அண்ணை. மூத்த மகனையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. "நாளைக்கு விடியக் கொண்டுவாறம்."

புத்தகங்களைத் திருப்பி எடுத்து அச்சகத்தின் பின் வளவில் எரித்தோம். எரிக்குமுன் எண்ணினார். இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது. திரும்பவும் எண்ணினார். அதே கணக்கு. கட்டும்போது பிசகியிருக்கும் என்று நினைத்தோம். புதிதாக அடித்ததில் பெயர் மட்டும்தான் இருந்தது. அவர் என்னை ஏசவில்லை. அடுத்த வீட்டுக்குப் போனபோது பட்டியலை என் கையில் தந்து "வாசியும்" என்றார். வாசித்தேன். சத்தம் வரவில்லை என்று மூன்று தரம் வாசிக்க வைத்தார்.

அருளப்பு அண்ணை இப்போது இல்லை. அந்தக் குறைந்த ஒன்று இந்த வருடம் வெளியில் வந்தது. குழுவை நடத்துகிறவர் கோபி என்ற இளைஞர். யாழ்ப்பாணத்தில் பழைய பேப்பர்க் கடையொன்றில் எடுத்தாராம். தன்னிடம் ஏற்கெனவே இருந்த திருத்திய பிரதியையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, ‘அமரர்’ என்ற சொல்லைச் சிவப்பால் சுற்றி, "ஒரே கல்வெட்டு, இரண்டு பதிப்பு. ஒன்றில் இறந்தவர், மற்றதில் உயிரோடு. உலகத்தில் ஒரே பிரதி என்னிடம்" என்று போட்டிருந்தார்.

படத்தைக் கண்டவுடன் எரியாமல் தப்பிய அந்த வரியைப் பார்த்தேன். பிறகு கீழே எழுதியிருந்தவற்றை வாசித்தேன். "அமரர் எண்டு போட்டால் வெளிநாட்டிலை அகதிக் கேஸ் லேசாப் பாஸாகுமாக்கும்." "ஆள் வந்து எழும்பி நிண்டிருப்பார், அதுதான் மாத்தி அடிச்சவை." கடைசியாக, பாரிஸில் இருக்கும் ரவி என்ற ஒருவர் எழுதியிருந்தார்: "நான் உந்த ஆளை லாச்சப்பலிலை கண்டனான். மரக்கறிக் கடையிலை நிக்கிறார்." லாச்சப்பல் பாரிஸில் எங்கள் ஆட்களின் கடைத்தெரு. அந்த வரிக்குச் சிரித்த முகங்கள்.

அமரர் என்ற சொல்லைப் பரமேசு அம்மா ஒரு தரம் தாங்கியவர். இந்த லாச்சப்பல் வரியைக் கண்டால் என்ன ஆகும்? அவர் நம்புவார்.

கோபிக்குத் தனியாக எழுதினேன். அது அச்சகத்தின் பிழை, எரித்த பிரதி, தாய் உயிரோடு இருக்கிறார், எடுத்துவிடுங்கள் என்று. "ஆதாரம் இருக்கோ அண்ணை?" என்று பதில் வந்தது. இன்னும் எழுதினேன். "சரி, உங்களிட்டை அச்சகக் கோப்புப் பிரதியள் இருக்குத்தானே. பழசு பத்துத் தாங்கோ, எடுக்கிறன்" என்று எழுதினார், கண் சிமிட்டும் முகத்தோடு. அவருக்கு அது பேரம். இப்படித்தான் அங்கே எல்லாம்.

வேறு வழி இல்லாமல், குழுவில் கோபி போட்டிருந்த இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். வாழ்க்கையில் முன்பின் தெரியாத ஆளுக்கு நானாக எடுத்தது அதுதான் முதல் தரம்.

"குழுவிலை அச்சுக்கோப்பு எண்டு இருக்கிறது…" என்று தொடங்கினேன்.

"ஓ, அண்ணையின்ரை மிசிசோ? அண்ணையிட்டைக் குடுங்கோ."

"அண்ணை எண்டு ஒருத்தரும் இல்லைத் தம்பி. நான்தான்."

"ஓ, அக்காவோ?" என்றார். பிறகு, "அக்கா, குறை நினைக்காதேங்கோ. ஆனால் இது வரலாறெல்லோ. ரண்டு பதிப்பு வந்த கல்வெட்டு வேறை எங்கை இருக்கு?"

"ரண்டு பதிப்பு இல்லை. ஒண்டு கல்வெட்டு. மற்றது நான் விட்ட பிழை."

"அப்ப அதை எழுத்திலை தாங்கோவன். அதையும் சேர்த்துப் போடுவம்."

எனக்கு வந்த கோபத்தில் வெட்கம் போய்விட்டது. "தம்பி, நான் கொஞ்சம் வாசிக்கிறன், கேளுங்கோ" என்றேன். கீழே இருந்தவற்றை முதலில் இருந்து வாசித்தேன். யார் எழுதியது, என்ன எழுதியது, ஒவ்வொன்றாக. ஒவ்வொன்று முடியவும் நிறுத்தினேன். முதலிரண்டுக்கு "ஓம்" என்றார். கடைசியாக லாச்சப்பல் வரியை வாசித்து நிறுத்தினேன்.

"அக்கா, அதுக்கு நானும் சிரிச்ச முகம் போட்டிருக்கிறன் போல" என்றார்.

"ஓம். மூண்டாவது ஆள் நீங்கள்."

"அந்த அம்மா முகநூல் பாக்கிறவவோ?"

"எண்பது வயசு. அவ பாக்கத் தேவையில்லை. கொண்டுபோய்க் காட்ட ஆக்கள் இருக்கினம்."

பத்து நிமிடத்தில் பதிவை எடுத்துவிட்டார். எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் பதிவு இரண்டு நாள் நின்றிருக்கிறது. அன்று மத்தியானமே சண்டிலிப்பாய்க்கு பஸ் ஏறினேன்.

பரமேசு அம்மா கொட்டிலுக்குள் சின்ன வெங்காயம் பிரித்துக்கொண்டிருந்தார். கூட இருக்கும் மகள் என்னைக் கண்டதும் கண்ணால் ஏதோ சொன்னாள். விளங்குமுன் அம்மாவே கூப்பிட்டார்.

"மானிப்பாய்ப் பிள்ளையோ. நல்ல நேரம் வந்தாய். இரு."

இடுப்பில் இருந்து ஒரு துண்டுக் கொப்பித் தாளை எடுத்துத் தந்தார். பக்கத்து வீட்டுப் பிள்ளை முகநூலில் காட்டியதைப் பார்த்து எழுதியது. ‘ரவி, லாச்சப்பல், மரக்கறிக் கடை.’

"மூத்தவனிட்டைச் சொன்னன், ஒருக்காப் போய்ப் பார் எண்டு. கனடாவிலை இருந்து பாரிஸ் கிட்டவோ எண்டு கத்துறான். நீயும் கல்வெட்டுச் சேர்க்கிறனிதானே, உனக்கு உந்த ஆக்களைத் தெரிஞ்சிருக்கும். இந்த ரவியின்ரை நம்பர் எடுத்துத் தா."

"அம்மா, அது பகிடிக்கு எழுதினது."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"அவையள் அப்பிடித்தான் அம்மா. எல்லாத்துக்கும் பகிடி."

வெங்காயத்தைக் கீழே வைத்தார். "முந்தியும் உனக்குத் தெரியாததைத்தானே அடிச்சனி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நான் சொல்லி அவர் நம்பமாட்டார். நம்பவும் தேவையில்லை. எழுதிய ஆள்தான் சொல்ல வேண்டும்.

படலைக்கு வெளியில் வந்து நின்று கோபிக்கு எடுத்தேன். அவர் ரவிக்கு எழுதினார். அரை மணித்தியாலத்தில் ரவியின் பதிலை எனக்கு அனுப்பினார். "அழிச்சாச்சுத்தானே, பிறகென்ன? ஒரு பகிடிக்கு மனுசன் கோல் எடுத்து மன்னிப்புக் கேக்கோணுமோ? பொம்பிளையளைக் குழுவிலை சேர்த்தால் இப்பிடித்தான்." வீதியில் நின்று வாசித்தேன். கோபியிடம் ஒன்றுதான் சொன்னேன். "அவர் எடுக்காட்டி அந்த அம்மா சாகுமட்டும் அந்தக் கடையைத்தான் தேடுவா. அவருக்கு அதைச் சொல்லுங்கோ." கோபி, "நான் கதைக்கிறன் அக்கா" என்றார். எப்படிக் கதைத்தாரோ தெரியாது. இரவுக்குள் சம்மதம் வந்தது.

அடுத்த நாள் பின்னேரம் மூன்று மணிக்கு ரவி எடுத்தார். நானும் அங்கே இருந்தேன். மகள் ஸ்பீக்கரில் போட்டாள். நாற்பது வயது ஆளின் குரல். "அம்மா, நான் பகிடிக்குத்தான் எழுதினனான். உங்கடை மகனை நான் காணேல்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றார்.

"ஒருநாளும் காணேல்லையோ தம்பி?"

"இல்லை அம்மா."

"அந்த மரக்கறிக் கடை இருக்கோ?"

"கடை இருக்கு அம்மா. நான் மரக்கறி வாங்கிற கடை."

"அதிலை நிக்கிறது ஆர்?"

"அது வேறை ஆள் அம்மா."

"பேர் என்ன?"

"கேட்டதில்லை அம்மா" என்றார் ரவி.

"கேட்டுச் சொல்லும்" என்றார் பரமேசு அம்மா. "நாளைக்கு இதே நேரம் எடும். நான் இருப்பன்."

"சரி அம்மா" என்றார் ரவி. மகள் தொலைபேசியை நிறுத்தினாள். நான் நாலரை பஸ்ஸில் மானிப்பாய்க்கு வந்தேன்.